எபர்ட் போட்ட மார்க்

1995-ல் வந்த 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' படத்துக்கு ஒரு விமர்சகர் நான்குக்கு ஒன்றரை ஸ்டார் கொடுத்தார். திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கிய படம் அது. அதன் கடைசி ஐந்து நிமிடத்தைப் பற்றி இன்றைக்கும் சிலாகித்துப் பேசுகிறார்கள். அதே விமர்சகர் 1997-ல் வந்த 'அனகோண்டா'வுக்கு மூன்றரை ஸ்டார் கொடுத்தார். ஆமாம், அந்தப் பாம்புப் படத்துக்குத்தான் :-)

இதை மட்டும் கேட்டால் யாரோ சினிமா தெரியாத ஆள் எழுதியது என்று நினைப்போம். ஆனால் எழுதியவர் ரோஜர் எபர்ட். சினிமா விமர்சனத்துக்காக புலிட்சர் பரிசு வாங்கிய முதல் ஆள் (1975). 1967-லிருந்து 2013-ல் இறக்கும் வரை 'சிகாகோ சன்-டைம்ஸ்' என்ற ஒரே பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர். 46 வருஷம்! அத்தனை வருஷமும் ஒருவர் மார்க் போட்டுக்கொண்டே இருந்தால் அதில் என்னென்ன நடக்கும், எதற்கு மாற்றினார், எதற்கு மாற்றவில்லை, அந்த மார்க்கால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

ஆள் யார்?

எபர்ட் 1942-ல் இல்லினாய் மாநிலத்தில் அர்பானா என்ற ஊரில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதினார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1966-ல் சன்-டைம்ஸில் சேர்ந்தார். அடுத்த வருஷமே அவரைச் சினிமா விமர்சகராகப் போட்டார்கள். அப்போது வயது 24. நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட.

வேலைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் 'பானி அண்ட் க்ளைட்' வந்தது. நியூயார்க் டைம்ஸின் மூத்த விமர்சகர் பாஸ்லி க்ரௌதர் அதை வன்முறைக் குப்பை என்ற தொனியில் கிழித்திருந்தார். எபர்ட் நான்கு ஸ்டார் கொடுத்து, அமெரிக்க சினிமாவில் இது ஒரு திருப்பம் என்று எழுதினார். சரித்திரம் இளைஞர் பக்கம் நின்றது. க்ரௌதர் அந்த வருஷக் கடைசியோடு அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

1975-ல் போட்டிப் பத்திரிகையான 'சிகாகோ ட்ரிப்யூன்' விமர்சகர் ஜீன் சிஸ்கலோடு சேர்ந்து தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆரம்பித்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். பிறகு கட்டைவிரலை உயர்த்துவது அல்லது கவிழ்ப்பது என்று தீர்ப்பு வந்தது. பத்திரிகையில் நான்கு ஸ்டார், டிவியில் ஒரு கட்டைவிரல். ஒரு முழுப் படத்தை இதைவிடச் சுருக்க முடியாது.

ஸ்டாருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

யூஷுவல் சஸ்பெக்ட்ஸ், அனகோண்டா முரண்பாட்டுக்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார். 2004-ல் 'ஷாவோலின் சாக்கர்' விமர்சனத்தில் அதை விளக்குகிறார். தன் ஸ்டார்கள் எல்லாப் படங்களுக்கும் பொதுவான ஒரே அளவுகோல் இல்லை என்கிறார். 'ஹெல்பாய்' எப்படி இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டால், அவர் அதை 'மிஸ்டிக் ரிவர்' மாதிரி ஒரு கனமான படத்தோடு ஒப்பிட்டுக் கேட்கவில்லை. அதே வகையில் வந்த இன்னொரு சூப்பர் ஹீரோ படத்தோடு ஒப்பிட்டுத்தான் கேட்கிறார். பாம்புப் படம் என்றால் பாம்புப் படங்களுக்குள் அது எப்படி? அவ்வளவுதான். அந்தக் கணக்கில் அனகோண்டா பாஸ். தான் என்ன படம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, அதைச் சரியாகச் செய்கிறது.

யூஷுவல் சஸ்பெக்ட்ஸ் விஷயத்தில் அவர் குறை வேறு. புதிர் புரியவில்லை என்பதுகூடப் பெரிய குறை இல்லையாம். புரிந்த வரைக்கும் அதில் தனக்கு அக்கறை வரவில்லை என்றார். இதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை (நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்). ஆனால் காரணம் கையில் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் படித்து, 'இது எனக்குப் பிரச்சினை இல்லை' என்று முடிவு செய்து நிம்மதியாகப் படம் பார்க்கலாம். வெறும் ஒன்றரை ஸ்டாரை வைத்து அதைச் செய்ய முடியாது.

இந்த முறையில் ஒரு ஓட்டையும் உண்டு. வகைக்கு வகை அளவுகோல் மாறினால் கைவசம் ஸ்டார் தாராளமாகிவிடும். கடைசிக் காலத்தில் அவர் அள்ளிக் கொடுக்கிறார் என்று வாசகர்கள் புகார் சொன்னார்கள். 2008-ல் அந்தப் புகாரையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதி வாதாடினார். எதிர்ப்பக்கம், ஸ்டாரே போட மாட்டேன் என்று சொன்ன சமயமும் இருக்கிறது. 2010-ல் 'தி ஹியூமன் சென்டிபீட்' வந்தபோது, வேலைக்காக ஸ்டார் போட்டே ஆக வேண்டும், ஆனால் இதற்கு மறுக்கிறேன் என்று எழுதிவிட்டார்.

மாற்றியதும் மாற்றாததும்

1967-ல் 'தி கிராஜுவேட்' பார்த்துவிட்டு எபர்ட் நான்கு ஸ்டார் கொடுத்தார். கல்லூரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் திணறும் பெஞ்சமின் கதை. 1997-ல் அதே படத்தை மறுபடி பார்த்தார். மூன்று ஸ்டார். பெஞ்சமின் இப்போது சகிக்க முடியாத சுயநலக்காரனாகத் தெரிகிறான், படத்திலேயே சுவாரஸ்யமான ஆள் அந்த நடுத்தர வயதுப் பெண்மணி மிசஸ் ராபின்சன்தான் என்று எழுதினார். படம் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. பார்த்தவருக்கு 25 வயது, 54 ஆகிவிட்டது. இரண்டு விமர்சனத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்த முப்பது வருஷம் கண்ணுக்குத் தெரிகிறது. 

'கிரவுண்ட்ஹாக் டே' இதற்கு நேர் எதிர். 1993-ல் மூன்று ஸ்டாரோடு நகர்ந்துவிட்டார். 2005-ல் தன்னுடைய 'மகத்தான படங்கள்' வரிசையில் அதைச் சேர்த்து, முதல் தடவை இதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

'தி ப்ரௌன் பன்னி' கதை இன்னும் வேடிக்கை. 2003 கான் விழாவில் பார்த்துவிட்டு, அந்த விழா வரலாற்றிலேயே மட்டமான படம் என்றார். இயக்குநர் வின்சென்ட் காலோ பதிலுக்கு இவரைத் திட்டி, புற்றுநோய் வரட்டும் என்று சாபமே கொடுத்தார். பிறகு காலோ 118 நிமிடப் படத்தில் 26 நிமிடத்தை வெட்டினார். 2004-ல் வெட்டிய வடிவத்தைப் பார்த்த எபர்ட் மூன்று ஸ்டார் கொடுத்தார். எடிட்டிங்தான் படத்துக்குள் ஒளிந்திருந்த நல்ல படத்தை வெளியே கொண்டுவந்தது என்றார். திட்டு வாங்கியவன் என்ற கோபம் தீர்ப்பில் ஏறவில்லை. நம்மில் எத்தனை பேரால் முடியும்?

எதையும் மாற்றிவிடுவார் என்றும் நினைக்க வேண்டாம். டேவிட் லின்ச்சின் 'ப்ளூ வெல்வெட்' (1986) இன்று பல பட்டியல்களில் இருக்கும் படம். எபர்ட் கொடுத்தது ஒரு ஸ்டார். படம் மோசமாக எடுக்கப்பட்டது என்று அவர் சொல்லவில்லை. இசபெல்லா ரோசலினியை மிக அவமானமான காட்சிகளில் நடிக்கவைத்துவிட்டு, அந்த வலியைச் சுற்றிக் கேலியும் கிண்டலுமாக ஒரு படம் எடுத்திருக்கிறார்கள், ஒரு நடிகை இவ்வளவு கொடுத்தால் படமும் அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் வழக்கு. சிஸ்கலுக்கோ படம் பிடித்திருந்தது, டிவியில் மோதிக்கொண்டார்கள். ரோசலினி வயது வந்தவர், தெரிந்துதான் நடித்தார் என்ற எதிர்வாதம் வலுவானது. என் ஓட்டும் அதற்குத்தான். ஆனாலும் அந்த ஒரு ஸ்டார் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. அதே லின்ச்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' 2001-ல் வந்தபோது நான்கு ஸ்டார் கொடுத்தார், ஆக ஆள் மீது வெறுப்பு இல்லை. 'கிளாடியேட்டர்' (2000) சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய பிறகும் அவர் போட்ட இரண்டு ஸ்டார் இரண்டாகவே இருந்தது.

டாக்குமெண்டரிக்கு எந்த அளவுகோல்?

கதைப் படத்துக்கு வகை உண்டு, ஒப்பிடலாம். நிஜத்தைக் காட்டுகிறேன் என்று வரும் படத்துக்கு எப்படி மார்க் போடுவது? விஷயம் முக்கியமானது என்பதற்காக ஸ்டார் கொடுப்பதா? சொல்வது உண்மையா என்று பார்ப்பதா? எபர்ட் இதில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அதுதான் படிக்க சுவாரஸ்யம்.

முதலில் 'கேட்ஸ் ஆஃப் ஹெவன்' (1978). எர்ரல் மோரிஸின் முதல் படம். கலிபோர்னியாவில் செல்லப் பிராணிகளுக்கான இரண்டு கல்லறைத் தோட்டங்களைப் பற்றியது. ஒன்று நொடித்துப்போகிறது, புதைத்த நாய் பூனைகளைத் தோண்டி எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். எபர்ட் இதை உலகின் தலைசிறந்த பத்துப் படங்களில் ஒன்றாகப் பட்டியல் போட்டார். முப்பது தடவை பார்த்திருப்பேன், இன்னும் அடி ஆழம் தெரியவில்லை என்றார். நாயைப் பறிகொடுத்தவர்கள் பேசப் பேச, தனிமை, சாவு, நம்பிக்கை எல்லாம் தானாக வெளியே வருகிறது. முக்கியமான 'விஷயம்' எதுவும் இல்லாமலே ஒரு டாக்குமெண்டரி உச்சத்துக்குப் போகலாம் என்பது இங்கே அவர் தீர்ப்பு.

அடுத்தது 'ரோஜர் அண்ட் மீ' (1989). ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளை மூடியதில் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளிண்ட் நகரம் எப்படிச் சீரழிந்தது என்று மைக்கேல் மூர் எடுத்த படம். நான்கு ஸ்டார். பிறகு குட்டு உடைந்தது. மூர் சில சம்பவங்களை நடந்த வரிசையில் காட்டவில்லை, முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்திருக்கிறார் என்று 'ஃபிலிம் காமெண்ட்' இதழ் எழுதியது. பாலின் கேல் மாதிரி பெரிய விமர்சகர்களும் சாடினார்கள். எபர்ட் 1990-ல் மூர் பக்கம் நின்றார். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் பத்திரிகை இருக்கிறது, இந்தப் படம் தருவது கோபமும் நையாண்டியும் ஒரு பார்வையும் என்று வாதாடினார்.

பதினான்கு வருஷம் கழித்து மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11' (2004) வந்தது. மூன்றரை ஸ்டார். டாக்குமெண்டரி என்றால் நடுநிலையாக இருந்தே ஆக வேண்டும் என்பது தவறான எதிர்பார்ப்பு என்று அப்போதும் சொன்னார். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார். மூரின் முந்தைய படமான 'பௌலிங் ஃபார் கொலம்பைனி'ல் (2002) தகவல் பிழைகள் இருப்பது தெரிந்தபோது தனக்கு வலித்தது என்றார். மூரின் அரசியல் தனக்கு உடன்பாடு, அதனாலேயே வலித்தது என்றார். இங்கே அளவுகோல் நகர்ந்திருக்கிறது. கருத்து இருக்கலாம், கோபம் இருக்கலாம், தகவல் சரியாக இருக்க வேண்டும். நம் கட்சிக்காரன் தப்பு செய்தால் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் சுலபம். அவர் தன் பத்தியிலேயே அதைப் பற்றி எழுதினார்.

மூன்றாவது, 'ட்ரையம்ஃப் ஆஃப் த வில்' (1935). 1934-ல் நியூரம்பெர்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டை லெனி ரீஃபென்ஷ்டால் எடுத்த பிரசாரப் படம். தீமைக்குச் சேவை செய்த மகத்தான கலை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். 1994-ல் எபர்ட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டபடி இது மிகச் சிறந்த டாக்குமெண்டரிகளில் ஒன்று என்றுதான் எழுதினார். 2008-ல் மறுபடி உட்கார்ந்து பார்த்தார். தன் பழைய வாக்கியத்தையே எடுத்துப் போட்டு அதை மறுத்தார். படம் சலிப்பு, ஒரே மாதிரி அணிவகுப்பு, மூளையில்லாதது, பயங்கர நீளம் என்றார். 'எல்லோரும் ஒத்துக்கொண்டபடி' என்ற வார்த்தைகளுக்குப் பின்னால் எத்தனை பேர் படத்தைப் பார்க்காமலே தலையாட்டியிருப்பார்கள் என்று யோசிக்கவைக்கிறது.

கூட்டல் கழித்தலில் தோற்ற படம்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான கதை.

சிகாகோவில் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள், வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி. இரண்டு பேருக்கும் கூடைப்பந்துதான் உயிர். புறநகரில் இருக்கும் ஒரு தனியார் பள்ளி விளையாட்டுக்காக இருவரையும் சேர்த்துக்கொள்கிறது. உதவித்தொகை முழுக் கட்டணத்தையும் கட்டாது. வில்லியமுக்கு மீதியைக் கட்ட ஒரு புரவலர் கிடைக்கிறார். எதிர்பார்த்த அளவு வளராத ஆர்தருக்கு யாரும் இல்லை. அப்பா அம்மா பாக்கி வைக்கிறார்கள், நடு வருஷத்தில் பள்ளியை விட்டு வெளியே. ஸ்டீவ் ஜேம்ஸ், ஃபிரடெரிக் மார்க்ஸ், பீட்டர் கில்பர்ட் என்ற மூன்று பேர் அரைமணி நேர டிவி படமாக இதை ஆரம்பித்தார்கள். சுமார் ஐந்து வருஷம் கூடவே போய் 250 மணி நேரத்துக்கு எடுத்தார்கள். முடிவில் வந்தது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். பெயர் 'ஹூப் ட்ரீம்ஸ்'.

நட்சத்திரம் கிடையாது, இயக்குநரை யாருக்கும் தெரியாது, மூன்று மணி நேர டாக்குமெண்டரி. எந்த விநியோகஸ்தர் தொடுவார்? 1994 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் திரையிட்ட சமயத்திலேயே சிஸ்கலும் எபர்ட்டும் தங்கள் டிவி நிகழ்ச்சியில் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்போது படத்தை வாங்க ஆளே இல்லை. பார்வையாளர்களால் பார்க்கவே முடியாத ஒரு படத்துக்கு விமர்சனம்! பிறகு ஃபைன் லைன் நிறுவனம் வாங்கியது, அக்டோபரில் தியேட்டருக்கு வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த படம் என்று இரண்டு பேருமே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறந்த டாக்குமெண்டரி என்று இல்லை, சிறந்த படம். 'பல்ப் ஃபிக்‌ஷன்', 'ஃபாரஸ்ட் கம்ப்' வந்த வருஷம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

1995 பிப்ரவரியில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்தது. டாக்குமெண்டரி பிரிவில் ஹூப் ட்ரீம்ஸ் பெயரே இல்லை. ஊரே கொந்தளித்தது, எபர்ட்டும் சிஸ்கலும் முன்வரிசையில். கடைசியில் அகாடமியின் நிர்வாக இயக்குநர் புரூஸ் டேவிஸ், ஓட்டு எண்ணும் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காளர்களிடம் முழு விவரத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு சிறு குழு தங்களுக்குப் பிடித்த ஐந்து படங்களுக்கு மட்டும் 10 போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் அடிமட்ட மார்க் போட்டிருந்தது. இத்தனைக்கும் மற்ற எந்தப் படத்தைவிடவும் அதிகமான 10-களை வாங்கியது ஹூப் ட்ரீம்ஸ்தான். அந்தச் சிலரின் அடிமட்ட மார்க் அதை ஆறாவது இடத்துக்குத் தள்ளிவிட்டது.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைப் பார்த்ததும் பேனா தானாகக் கைக்கு வருகிறது. கற்பனைக் கணக்கு ஒன்று. குழுவில் 40 பேர். 35 பேர் 'அ' படத்துக்கு 9, 'ஆ' படத்துக்கு 8 போடுகிறார்கள். மீதி 5 பேர் 'அ'வுக்கு 0, 'ஆ'வுக்கு 10. மொத்தம்: 'அ' 315, 'ஆ' 330. சராசரி 7.875-க்கு எதிராக 8.25. நாற்பதில் முப்பத்தைந்து பேருக்கு அதிகம் பிடித்த படம் தோற்றுவிட்டது! கூட்டலில் தப்பே இல்லை, தணிக்கைக்குக்கூட நிற்கும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன காரணம் என்று கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை. பெயர் போடாமல், காரணம் எழுதாமல், ரகசியமாகப் போட்ட மார்க் அது.

எபர்ட்டின் ஒன்றரை ஸ்டார் எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் அதன் அடியில் அவர் பெயர் இருந்தது, ஒரு பத்தியாவது காரணம் இருந்தது. முப்பது வருஷம் கழித்தும் எடுத்துக் காட்டி 'இது என்னய்யா?' என்று கேட்கலாம். அவரே எடுத்துக் காட்டித் தன்னைக் கேட்டுக்கொண்டார்.

ஆஸ்கர் விவகாரத்துக்குப் பிறகு அகாடமி டாக்குமெண்டரி தேர்வு விதிகளை மாற்ற ஆரம்பித்தது. 2001-ல் டாக்குமெண்டரிக்காரர்களுக்கென்று தனிக் கிளையே அமைந்தது. 1990-களின் மிகச் சிறந்த படம் எது என்று கேட்டபோது எபர்ட் சொன்னது ஹூப் ட்ரீம்ஸ்.

யாருக்குப் பிரயோஜனம்?

2009-ல் இரண்டாவது 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்துக்கு எபர்ட் ஒரு ஸ்டார் கொடுத்துக் கிழி கிழியென்று கிழித்தார். படம் உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பெரிய படத்துக்கு விமர்சகரின் மார்க் கொசுக்கடி. விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறவனுக்கு அவர் தேவையே இல்லை.

ஹூப் ட்ரீம்ஸுக்கோ விளம்பரமே அந்த இரண்டு பேர்தான். ஐந்து வருஷ உழைப்பு ஒரு அலமாரியில் முடங்குமா, தியேட்டருக்கு வருமா என்பதே அங்கே கேள்வி. அதனால் இவருடைய 46 வருஷத் தீர்ப்புகளில் எது சரி எது தப்பு என்று எண்ணிப் பார்ப்பதைவிட, எந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் என்ன இழந்திருப்போம் என்று பார்ப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ப்ளூ வெல்வெட்டுக்கு அவர் ஒரு ஸ்டார் போட்டதால் அந்தப் படத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

2002-ல் எபர்ட்டுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. 2006-ல் அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு பேச்சு போனது, சாப்பிடவும் முடியாது. எழுத்து நிற்கவில்லை. 2012-ல் மட்டும் 306 விமர்சனம் எழுதினார், வாழ்நாளிலேயே அதிகம். 2013 ஏப்ரல் 4-ல் இறந்தார்.

அவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி 2014-ல் வந்தது. 'லைஃப் இட்செல்ஃப்'. இயக்கியவர் ஹூப் ட்ரீம்ஸ் எடுத்த அதே ஸ்டீவ் ஜேம்ஸ். ஆஸ்பத்திரியில் அவர் படும் கஷ்டத்தையும், சிஸ்கலோடு போட்ட அற்பச் சண்டைகளையும் மறைக்காமல் காட்டுகிறது. அந்தப் படத்துக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை.

நேரம் கிடைத்தால் முதலில் ஹூப் ட்ரீம்ஸ் பாருங்கள். பார்த்து முடித்த பிறகு அவர் விமர்சனத்தைப் படியுங்கள். உங்கள் மார்க் வேறாக இருந்தால் ஏன் என்று ஒரு பத்தி எழுதி வையுங்கள். முப்பது வருஷம் கழித்து எடுத்துப் பார்க்க உதவும்.